திறந்த வாயிலும் நெடிய பாதையும்: நியூயோர்க் நகரப் பல்கலைக்கழக அனுமதி வரலாறு - ஒரு நோக்கு

உயர்கல்வி யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு சமூகமும் தனது அதிகார அமைப்புக்கும் பொருளாதார வளத்துக்கும் ஏற்பவே விடையளித்து வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா இனத்தோடும் வருமானத்தோடும் பின்னிப் பிணைந்த ஒன்றாகும். கறுப்பினத்தவரும் வறியோரும் பல்கலைக்கழக வாயிலை அடைவதே அங்கு நெடுங்காலம் அரிதாயிருந்தது. வாயில் ஓரளவு திறக்கப்பட்ட பின்னரோ, உள்ளே சென்றோருட் பலர் பட்டம் பெறாமலே வெளியேறும் நிலை தோன்றியது. அனுமதியில் உள்ள ஏற்றத்தாழ்வு, கற்கையை நிறைவு செய்வதில் உள்ள ஏற்றத்தாழ்வு என்னும் இவ்விரண்டும் ஒன்றல்ல. முதலாவதைக் களைந்தால் இரண்டாவது தானே களையப்படும் எனக் கருதியோரும் உளர். இரண்டாவதைக் காட்டி முதலாவதைக் களைந்தமையே தவறு என வாதிட்டோரும் உளர். இவ்விரு கருத்துக்களையும் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில், உள்நாட்டுப் போருக்கு முன்னர், அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலே சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. போர் 1865 இல் முடிவுற்றதும் பிஸ்க், ஹவார்ட் முதலிய கறுப்பினத்தவர்க்கான உயர்கல்வி நிறுவனங்கள் தோன்றின. 1862 ஆம் ஆண்டின் மொரில் சட்டம் மாநிலக் கல்லூரிகளுக்கு அரசாங்க நிலத்தை வழங்கியது. 1890 இல் நிறைவேறிய இரண்டாவது மொரில் சட்டமோ, அனுமதியில் இனவேறுபாடு காட்டும் மாநிலங்கள் கறுப்பினத்தவர்க்குத் தனிக் கல்லூரி அமைத்தால் நிதி பெறலாம் என விதித்தது. இவ்வாறு பிரிவினையே சட்டத்தின் ஒப்புதலைப் பெற்றது. இரண்டாம் உலகப் போரின் பின், 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியுடன் ஏறத்தாழ 22 இலட்சம் முன்னாட் போர்வீரர் கல்லூரிகளிற் பயின்றனர். ஆயினும் தென்மாநிலக் கறுப்பின வீரருக்குத் திறந்திருந்த கல்லூரிகள் சிலவே. அவற்றிலும் இடவசதி போதாதிருந்தது. பாடசாலைகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் 1954 இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்ட உளவியல் ஆய்வுகளுள் ஒன்று, நியூயோர்க் நகரக் கல்லூரியிற் கற்பித்த கறுப்பின அறிஞர் கென்னத் கிளார்க்கினுடையது. அவர் கற்பித்த அக்கல்லூரியே தனது சுற்றாடலிலுள்ள கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எட்டாததாய் இருந்தமை நோக்கற்பாலது.

இலவசக் கல்வியும் அதன் எல்லையும்

நியூயோர்க் நகரக் கல்லூரியின் தோற்றம் 1847 ஆம் ஆண்டுக்கு உரியது. வணிகரும் நகரக் கல்விச் சபையின் தலைவருமாயிருந்த டவுன்சென்ட் ஹரிஸ், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி உயர்கல்வி வழங்கும் நிறுவனம் ஒன்று வேண்டுமென வலியுறுத்தினார். நகர வாக்காளர் பெரும்பான்மையால் அதனை ஏற்றனர். இலவசக் கழகம் என்னும் பெயரில் 1849 இல் அது தொடங்கிற்று. பெண்களுக்கான கல்லூரி 1870 இல் நிறுவப்பட்டது. பின்னாளில் ஹண்டர் கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. 1930 இல் புரூக்ளின் கல்லூரியும் 1937 இல் குயீன்ஸ் கல்லூரியும் தோன்றின. 1961 இல் இவை யாவும் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டன.

இக்கல்லூரிகளால் பெரிதும் பயன்பெற்றோர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிவந்த யூதத் தொழிலாளரின் பிள்ளைகளாவர். 1920களில் ஹாவார்ட், கொலம்பியா முதலிய தனியார் பல்கலைக்கழகங்கள் யூத மாணவரின் தொகையை மறைமுகமாகக் கட்டுப்படுத்தின. கட்டணம் செலுத்த வழியின்றியும் அக்கதவுகள் மூடப்பட்டும் இருந்தோருக்கு நகரக் கல்லூரியே புகலிடமாயிற்று. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைக் கண்டறிந்த ஜோனஸ் சால்க், பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற கென்னத் அரோ போன்றோர் அதன் பழைய மாணவராவர். ஒரு தலைமுறைக்குள் தையற் தொழிலாளியின் மகன் விஞ்ஞானியாக மாறியமைக்கு இக்கல்லூரி எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்டது.

எனினும் இலவசம் என்பதும் யாவர்க்கும் உரியது என்பதும் ஒன்றாகா. கட்டணம் இல்லை, ஆனால் உயர்நிலைப் பாடசாலைப் புள்ளிகளின் சராசரியே அனுமதியைத் தீர்மானித்தது. இடங்களின் தொகை குறைவாகவும் விண்ணப்பிப்போரின் தொகை மிகுதியாகவும் இருந்தமையால் வெட்டுப்புள்ளி உயர்ந்து சென்றது. அதே காலத்தில் நகரின் சனத்தொகையும் மாறிற்று. தென்மாநிலங்களிலிருந்து கறுப்பினத்தவரும், கரிபியன் தீவிலிருந்து புவேர்ட்டோ ரிக்கரும் பெருந்தொகையாக வந்து குடியேறினர். 1960களின் பிற்பகுதியில் நகர அரசாங்கப் பாடசாலை மாணவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இவ்விரு சமூகத்தினராவர். இவர்களுட் பெரும்பாலோர் கல்லூரிக்கு இட்டுச்செல்லும் பாடநெறிகளுக்கு அன்றித் தொழில்முறை, பொதுநிலைப் பாடநெறிகளுக்கே ஆற்றுப்படுத்தப்பட்டனர். ஆதலால், கல்லூரி தன் வாயிலில் இனத்தை வினவாதபோதும், அதற்கு வெகுமுன்னரே இனம் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. நகரக் கல்லூரி ஹார்லெம் என்னும் கறுப்பினத்தவரின் குடியிருப்புப் பகுதியில், மேட்டுநிலத்தில் அமைந்திருந்தது. கீழே வாழ்ந்தோரின் பிள்ளைகளுக்கு அந்த மேடு கண்ணுக்குத் தெரிந்தும் கால் எட்டாத இடமாயிருந்தது.

1969 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி

இந்நிலையை உணர்ந்த கல்லூரி 1965 இல் சிறிய முன்முயற்சி ஒன்றை ஆரம்பித்தது. வறிய பகுதிகளிலிருந்து தெரிவு செய்யப்பட்ட மாணவருக்கு உதவிப்பணமும் ஆலோசனையும் தனிக் கற்பித்தலும் வழங்கப்பட்டன. அடுத்த ஆண்டில் மாநிலச் சட்டத்தின் ஆதரவுடன் இது விரிவுபெற்றுச் 'சீக்' திட்டம் எனப்பட்டது. ஓட்ரே லோர்ட், ஜூன் ஜோர்டன், ஏட்ரியன் ரிச் முதலிய கவிஞர்கள் இத்திட்டத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்தனர். ஆயினும் தேவையின் பரப்பை நோக்க இத்திட்டம் மிகச் சிறியதாகும்.

1969 ஏப்ரல் 22 ஆம் திகதி, கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர் ஏறத்தாழ இருநூறு பேர் நகரக் கல்லூரியின் தெற்கு வளாக வாயில்களைப் பூட்டினர். அவர்கள் ஐந்து கோரிக்கைகளை முன்வைத்தனர். தம் இனத்தவரின் வரலாறு, பண்பாடு பற்றிய கற்கைக்குத் தனிப் பிரிவு வேண்டும். புதுமுக மாணவருக்குத் தனி அறிமுக நெறி வேண்டும். சீக் திட்ட நிருவாகத்தில் மாணவருக்குக் குரல் வேண்டும். ஆசிரியராக விழைவோர் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க வரலாற்றையும் ஸ்பானிய மொழியையும் கற்றல் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, புதுமுக மாணவரின் இன விகிதம் நகர உயர்நிலைப் பாடசாலைகளின் இன விகிதத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்பனவே அவை.

கல்லூரித் தலைவர் புயெல் கல்லகர், முன்னர் தென்மாநிலக் கறுப்பினத்தவர் கல்லூரி ஒன்றின் தலைவராய் இருந்தவர். அவர் காவற்றுறையை அழைக்காது கல்லூரியை மூடிப் பேச்சுவார்த்தை நடத்தினார். அது தேர்தல் ஆண்டாதலின் அரசியல்வாதிகள் தலையிட்டனர். நீதிமன்றக் கட்டளையால் கல்லூரி மீண்டும் திறக்கப்பட்டது. வெள்ளையின, கறுப்பின மாணவரிடையே மோதல்கள் நிகழ்ந்தன. கல்லகர் பதவி துறந்தார். புதுமுக மாணவருள் ஒரு பாதியினரை வறிய பகுதிப் பாடசாலைகளிலிருந்து வேறு அளவுகோலால் தெரிவு செய்யலாம் என்னும் இணக்க யோசனை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தம் பிள்ளைகளின் இடம் பறிபோகும் என வெள்ளையினத் தொழிலாளர் அஞ்சினர். இருக்கும் இடங்களைப் பங்கிடுவது எப்படி என்னும் வரையில் வினா சுருங்கியிருந்தமையால், ஒருவரின் பேறு மற்றவரின் இழப்பாகவே தோன்றிற்று.

உயர்கல்விச் சபை 1969 யூலையில் எடுத்த முடிவு இவ்வினாவின் தன்மையையே மாற்றியது. நகரின் உயர்நிலைப் பாடசாலையில் தேறிய ஒவ்வொருவருக்கும் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உண்டு என அது அறிவித்தது. சராசரியாக 80 புள்ளி பெற்றோரும், தம் பாடசாலையில் மேற்பாதியில் தேறியோரும் நான்காண்டுக் கல்லூரிகளுக்குச் செல்லலாம். ஏனையோர் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளுக்குச் செல்வர். முன்னர் 1975 இல் நடைமுறைப்படுத்தக் கருதப்பட்ட இத்திட்டம் 1970 இலேயே தொடங்கப்பட்டது. கறுப்பின மாணவரின் போராட்டத்தால் விளைந்த இக்கொள்கையைத் தொழிற்சங்கங்களும் ஆதரித்தன. ஏனெனில், ஐரிஷ், இத்தாலியக் கத்தோலிக்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் இதனாற் பயன்பெறுவர். உண்மையில், திறந்த அனுமதியின் வழி உட்புகுந்தோரை எண்ணிக்கையளவில் நோக்கின், வெள்ளையினத்தவரே மிகுதியாவர். ஒரு சாராருக்காக எழுந்த குரல் பல சாராருக்கும் கதவைத் திறந்தமை இவ்வரலாற்றின் முதன்மையான படிப்பினை எனலாம்.

வகுப்பறையில் நிகழ்ந்தவை

1969 இல் ஏறத்தாழ 20,000 ஆக இருந்த புதுமுக மாணவர் தொகை 1970 இல் ஏறத்தாழ 35,000 ஆக உயர்ந்தது. கட்டடங்களும் நூலகங்களும் ஒரே ஆண்டில் அவ்வாறு பெருகவில்லை. வாடகைக் கட்டடங்களில் வகுப்புகள் நடைபெற்றன. வாசிப்பிலும் எழுத்திலும் கணிதத்திலும் பரிகாரக் கற்பித்தல் தேவைப்பட்டோர் பல்லாயிரவர். இலக்கியம் கற்பிக்கப் பயிற்றப்பட்ட பேராசிரியர், வாக்கியம் அமைக்கத் தடுமாறும் மாணவர் முன் தாமும் தடுமாறி நின்றனர்.

இச்சூழலில் மீனா ஷோக்னெசி என்னும் ஆசிரியையின் பணி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. புதுமுக மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை அவர் ஆராய்ந்தார். அவற்றிற் காணப்பட்ட பிழைகள் மூடத்தனத்தின் அறிகுறிகள் அல்ல. அவற்றுக்கும் ஓர் ஒழுங்கும் காரணமும் உண்டு. எழுத்துலகுக்குப் புதியோர் செய்யும் பிழைகளே அவை என அவர் 1977 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். மாணவர் எவ்வாறு மாறவேண்டும் என்பதற்கு முன்னர், ஆசிரியர் எதனைக் கற்கவேண்டும் என்னும் வினாவை எழுப்பியமையே அவரது தனிச்சிறப்பாகும்.

எனினும் புதிய அமைப்பிலும் படிநிலை ஒன்று உருவாயிற்று. நான்காண்டுக் கல்லூரிகளில் வெள்ளையினத்தவரின் விகிதமும், சமுதாயக் கல்லூரிகளில் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவரின் விகிதமும் ஒப்பீட்டளவில் மிகுந்திருந்தன. சமுதாயக் கல்லூரியிலிருந்து நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிச்சென்று பட்டம் பெறுதல் எளிதாயிருக்கவில்லை. பகலில் வேலையும் மாலையில் வகுப்புமாக வாழ்ந்தோர் ஒரு தவணை கற்று மறு தவணை நின்றனர். நான்கு ஆண்டுகளில் பட்டம் பெறாதோரின் தொகையைச் சுட்டி, திறந்த அனுமதி தோல்வியுற்றது, பட்டத்தின் தரம் வீழ்ந்தது எனப் பத்திரிகைகளும் பேராசிரியர் சிலரும் எழுதலாயினர்.

கட்டணத்தின் வருகை

1975 இல் நியூயோர்க் நகரம் கடனில் மூழ்கி வங்குரோத்து நிலையை நெருங்கியது. நகரத்தின் ஊதாரித்தனத்துக்கு எடுத்துக்காட்டாக இலவசப் பல்கலைக்கழகமும் சுட்டப்பட்டது. சனாதிபதி ஜெரால்ட் போர்ட் அவ்வாண்டு ஒக்ரோபரில் ஆற்றிய உரையிலும் அது இடம்பெற்றது. ஊதியம் வழங்கப் பணமின்றி 1976 மே மாத இறுதியில் பல்கலைக்கழகம் சுமார் இரு வாரங்கள் மூடப்பட்டது. மீளத் திறக்கப்படுவதற்கு விலையாகக் கட்டணம் அறவிடும் முடிவு எடுக்கப்பட்டது. பெரும் பொருளாதார மந்தத்தின்போதும் உலகப் போர்களின்போதும் காக்கப்பட்ட 129 ஆண்டுகால மரபு அவ்வாறு முடிவுக்கு வந்தது. ஆசிரியர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். மாணவர் தொகை கணிசமாக வீழ்ச்சியடைந்தது.

குடிவரவாளரின் வெள்ளையினப் பிள்ளைகள் பயின்ற காலமெல்லாம் இலவசமாயிருந்த கல்வி, கறுப்பினப் பிள்ளைகள் பெருந்தொகையாக உள்ளே வந்து ஆறு ஆண்டுகளில் விலைக்கு உரியதாயிற்று. இதற்கு நிதி நெருக்கடியே நேரடிக் காரணமாகும். ஆயினும் விளைவு யார்மீது விழுந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. மிக வறிய முழுநேர மாணவருக்கு மாநில உதவியும் மத்திய அரசாங்க உதவியும் கட்டணத்தை ஈடுசெய்தன என்பது உண்மையே. 1972 இல் உருவாகிப் பின்னர் பெல் உதவி எனப் பெயர்பெற்ற மத்திய உதவி, 1970களின் நடுப்பகுதியில் அரசாங்க நான்காண்டுக் கல்லூரி ஒன்றிற் பயில்வதற்கான மொத்தச் செலவின் முக்காற் பங்குக்கு மேல் ஈடுசெய்யக்கூடியதாய் இருந்தது. ஆனால் மாநில உதவி முழுநேர மாணவருக்கு உரியதாகவே வகுக்கப்பட்டது. குடும்பத்தைத் தாங்க வேலை செய்துகொண்டு பகுதிநேரமாகக் கற்றோர் அதன் வெளியே நின்றனர். இடைவிலகும் ஆபத்து மிகுந்தோருக்கே உதவி குறைவாகக் கிடைத்தது. பிற்காலத்தில் கல்லூரிச் செலவு உயர, பெல் உதவியின் பெறுமதியும் தேய்ந்து, அச்செலவின் மூன்றிலொரு பங்கையும் எட்டாததாயிற்று.

1990களில் எதிர்ப்பு மேலும் வலுப்பெற்றது. மாநகர முதல்வர் ருடோல்ப் ஜூலியானி அமைத்த குழு, பல்கலைக்கழகம் திசையிழந்து மிதக்கிறது என 1999 இல் அறிக்கையிட்டது. நான்காண்டுக் கல்லூரிகளில் பரிகாரக் கற்பித்தலை நிறுத்தும் முடிவு அதே ஆண்டில் உறுதி செய்யப்பட்டது. இதனோடு அக்கல்லூரிகளைப் பொறுத்தவரையில் திறந்த அனுமதி முடிவுற்றது. சமுதாயக் கல்லூரிகளின் வாயில் மட்டும் திறந்திருந்தது.

முப்பது ஆண்டுகளின் தீர்ப்பு

திறந்த அனுமதி உண்மையிலேயே தோல்வியுற்றதா? இவ்வினாவுக்குப் பொறுமையுடன் விடை தேடியோர் அப்பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர்களான டேவிட் லவின், போல் அட்டுவெல் முதலியோராவர். 1970க்கும் 1972க்கும் இடையில் அனுமதி பெற்ற பெண்களை அவர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் தேடிச்சென்று ஆராய்ந்தனர். 2007 இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வின் முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. அப்பெண்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் இறுதியில் ஏதேனும் ஒரு பட்டத்தைப் பெற்றிருந்தனர். அவர்களுட் கணிசமானோருக்கு அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. திருமணம், பிள்ளைப்பேறு, வேலையிழப்பு முதலியவற்றின் நடுவே அவர்கள் விட்டுவிட்டுக் கற்று முடித்தனர். அது மட்டுமன்று; அவர்களின் பிள்ளைகளும் கல்வியில் முன்னேறி, கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பை மிகுதியாகப் பெற்றிருந்தனர்.

நான்கு ஆண்டுகளின் பின் கணக்கெடுத்தோர் இடைவிலகியோர் என எழுதி முடித்த பெயர்களுட் பல, முப்பது ஆண்டுகளின் பின் பட்டதாரிகளின் பட்டியலில் இடம்பெற்றன. வசதியுள்ளோரின் வாழ்க்கைக் காலத்தை அளவுகோலாகக் கொண்டு வறியோரின் கல்வியை அளந்தமையே முந்திய தீர்ப்பின் குறையாகும். எனினும் இம்முடிவைக் கொண்டு மனநிறைவு அடைதலும் பொருந்தாது. இருபத்திரண்டில் கிடைக்கவேண்டிய பட்டம் முப்பத்தைந்தில் கிடைப்பது வெற்றியெனினும், இடைப்பட்ட ஆண்டுகளின் ஊதிய இழப்பையும் உழைப்பையும் அம்மாணவரே சுமந்தனர். முப்பதிற்கு அண்மித்தோர் முடிக்கவே இல்லை என்பதும் மறத்தற்குரியதன்று.

நிறைவுக்கு வழி

இக்காலத்தைக் குறைத்தல் இயலுமா என்பதற்கும் அதே பல்கலைக்கழகம் விடை தந்துள்ளது. 2007 இல் அதன் சமுதாயக் கல்லூரிகளில் 'அசாப்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. இதிற் சேர்ந்தோர் முழுநேரமாகக் கற்றல் வேண்டும். உதவிப்பணத்துக்கு மேற்படும் கட்டணம் தள்ளுபடி செய்யப்படும். பாடநூல்களும் நகரப் போக்குவரத்துக்கான பயண அட்டையும் வழங்கப்படும். குறைந்த தொகை மாணவரை மட்டும் கவனிக்கும் ஆலோசகர் ஒருவரை அவர்கள் அடிக்கடி சந்திப்பர். பரிகாரப் பாடங்களைத் தொடக்கத்திலேயே முடிப்பர். இவற்றுள் புதுமையானது என்று எதனையும் கூறுதல் அரிது. யாவற்றையும் ஒருங்கே, மூன்று ஆண்டுகள் இடையறாது வழங்கியமையே புதுமையாகும்.

2010 இல் மூன்று கல்லூரிகளில் 896 வறிய மாணவர் எழுமாற்றாக இரு பிரிவினராக வகுக்கப்பட்டு இத்திட்டம் பரிசோதிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளின் முடிவில், வழமையான முறையிற் கற்றோரில் நூற்றுக்கு 22 பேரும், திட்டத்திற் கற்றோரில் நூற்றுக்கு 40 பேரும் ஈராண்டுப் பட்டத்தைப் பெற்றனர். ஒரு மாணவருக்கான செலவு உயர்ந்தபோதும், பட்டம் ஒன்றைப் பெறச்செய்வதற்கான செலவு குறைந்தது. பின்னர் ஒகையோ மாநிலத்திலும் இத்தகைய பயன் கிடைத்தது. இரு பிரிவினரும் ஒரே பாடசாலைகளிலிருந்து, ஒரே வறுமையிலிருந்து வந்தவர்கள். அவர்களிடையே வேறுபட்டது திறமை அன்று. நிறுவனம் அவர்களுக்கு அளித்த துணையே. இடைவிலகல் மாணவரின் இயல்பு என்னும் பழைய வாதத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

நாடு முழுவதையும் நோக்கின் இடைவெளி இன்னும் ஆழமானதே. 2010 இல் நான்காண்டுக் கல்லூரிகளில் முழுநேர மாணவராக முதன்முதற் சேர்ந்தோருள் ஆறு ஆண்டுகளில் பட்டம் பெற்றோர் வெள்ளையினத்தவரில் நூற்றுக்கு 64, ஸ்பானிய வழியினரில் 54, கறுப்பினத்தவரில் 40 ஆவர். ஆயினும் பொதுவிவாதம் பெரும்பாலும் உயர்புகழ் வாய்ந்த சில பல்கலைக்கழகங்களின் அனுமதியையே சுற்றி வந்துள்ளது. இன ஒதுக்கீட்டைத் தடுத்து, இனத்தைப் பல காரணிகளுள் ஒன்றாகக் கொள்ள இடமளித்த 1978 ஆம் ஆண்டின் பக்கே தீர்ப்பும், அவ்வாறு கொள்வதற்கும் முடிவு கட்டிய 2023 யூன் மாதத் தீர்ப்பும் அத்தகைய நிறுவனங்களின் இடப்பங்கீட்டையே முதன்மையாகப் பற்றியவை. கறுப்பின, வறிய மாணவருட் பெரும்பாலோர் பயில்வது அங்கன்று. நகரப் பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனங்களிலேயே ஆகும்.

தொகுத்து நோக்குமிடத்து, நியூயோர்க்கின் வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகிறது. பற்றாக்குறையான இடங்களைப் பங்கிடும்போது சமூகங்கள் ஒன்றையொன்று பகைக்கின்றன. இடங்களைப் பெருக்கும்போது பகைத்தோரும் ஒரே வாயிலால் நுழைகின்றனர். இது 1970 தந்த பாடம். வாயிலைத் திறந்தபின் பாதையின் செலவை மாணவர் தலையிற் சுமத்தின், திறந்த வாயிலே அவர்களின் தோல்விக்குச் சான்றாகக் காட்டப்படும். இது 1976 தந்த பாடம். அனுமதி ஒரு நாளில் வழங்கப்படுவது. நிறைவு ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெறப்படுவது. அவ்வாண்டுகளின் செலவை யார் ஏற்பது என்பதே உயர்கல்விச் சமத்துவத்தின் மைய வினாவாகும். ஹார்லெமின் மேட்டுநிலத்தில் 1969 இல் பூட்டப்பட்ட வாயில்கள் எழுப்பிய அவ்வினா இன்றும் முழுமையான விடையைப் பெறவில்லை. ஆனால் விடை இயலாததன்று என்பதை அதே நகரம் மெய்ப்பித்துக் காட்டியுள்ளது.